திருநெல்வேலியில் காந்தி சொன்னதும் தாகூர் மறுத்ததும்

கேள்வி இதுதான்: "வீட்டில் எல்லோரும் பக்தி உள்ளவர்கள். நான் இயற்பியல் படிக்கிறேன். பெருவெள்ளமோ தொற்றுநோயோ வந்தால் 'எல்லாம் நாம் செய்த பாவம்' என்று அப்பா ஆரம்பிப்பார். நான் மறுப்பேன். பேச்சு சண்டையில் முடியும். இந்தக் காலத்துச் சமுதாயத்தில் நம்பிக்கையும் பகுத்தறிவும் உண்மையிலேயே உரையாட முடியுமா? இல்லை, ஏதாவது ஒன்று வாயை மூடிக்கொண்டால்தான் அமைதியா?"

முடியும் என்பதுதான் என் பதில். ஆனால் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமரசம் எனக்கு ஒப்புதல் இல்லை. "எப்படி என்பதை அறிவியல் சொல்லட்டும், ஏன் என்பதை மதம் சொல்லட்டும், இரண்டும் தத்தம் எல்லைக்குள் இருக்கட்டும்" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. உங்கள் வீட்டில் நடக்கும் சண்டையே "ஏன்" என்ற கேள்வியில்தானே தொடங்குகிறது? வெள்ளம் ஏன் வந்தது என்று அப்பா கேட்கிறார், நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். அங்கே வேலி போட்டுப் பிரிக்க எதுவும் இல்லை.

பொதுவாகப் பேசுவதைவிட உண்மையில் நடந்த ஓர் உரையாடலை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுச் சண்டையின் அதே வாக்கியம்தான் அங்கேயும் தொடக்கம். சொன்னவர் காந்தி, மறுத்தவர் தாகூர். சொன்ன இடம் திருநெல்வேலி.

1934 ஜனவரி 15ஆம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்குச் சற்றுப் பின், நேபாளத்தையும் வட பீகாரையும் ஒரு பெரும் பூகம்பம் உலுக்கியது. ரிக்டர் அளவில் 8 அல்லது அதற்கும் மேல். இரு நாட்டிலும் சேர்த்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முங்கேர் நகரம் ஏறக்குறைய தரைமட்டமானது. முசாபர்பூர், மோதிஹாரி, சீதாமடி, மதுபனி எல்லாம் சிதைந்தன. காத்மாண்டு பள்ளத்தாக்கில் பக்தபூர் மோசமாக அடிபட்டது. கங்கைச் சமவெளியின் வண்டல் மண்ணில் நீர் நிறைந்திருந்ததால், குலுக்கலில் மண் தன் பிடிப்பை இழந்து குழம்பாகிவிட்டது. வீடுகள் இடிந்து விழாமல் அப்படியே சாய்ந்து மண்ணுக்குள் இறங்கின. வயல்களில் பூமி பிளந்து மணலும் தண்ணீரும் பீறிட்டன. கிணறுகள் மணலால் தூர்ந்துபோயின. விளைநிலம் மணல் மேடானது.

அப்போது காந்தி தமிழ்நாட்டில் இருந்தார். 1933 நவம்பரில் வார்தாவிலிருந்து தொடங்கிய தீண்டாமை ஒழிப்புப் பயணத்தின் நடுவில் இருந்தார் அவர். ஜனவரி 24 அன்று திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில் பீகாரின் துயரத்தைச் சொல்லி நிதி கேட்டார். அதோடு, இந்தப் பூகம்பம் தீண்டாமை என்ற பாவத்துக்காகக் கடவுள் அனுப்பிய தண்டனை என்று தன்னைப் போன்ற ஒருவனால் நம்பாமல் இருக்க முடியாது என்றும் சொன்னார். வாய் தவறி வந்த பேச்சு இல்லை. நன்கு யோசித்து, மனம் நிறைந்துதான் சொன்னேன் என்று பிறகு அவரே எழுதினார்.

பத்திரிகையில் இதைப் படித்த தாகூர் அதிர்ந்துபோனார். ஒரு மறுப்பு எழுதி காந்திக்கே அனுப்பினார். அந்த மறுப்பை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். பகுத்தறிவு எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல மாதிரி இந்திய எழுத்தில் எனக்குத் தெரியவில்லை.

அவர் முதலில் சொல்வது, இயற்கைப் பேரழிவுகளுக்குக் காரணம் இயற்கைச் சக்திகளின் சேர்க்கை மட்டுமே என்பது. இவ்வளவு வெளிப்படையான ஒன்றைச் சொல்ல வேண்டிய நிலை வந்ததே என்று வருந்துகிறார். ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. அடுத்து ஒழுக்கத்தின் பக்கம் வருகிறார். தூரத்தில் பத்திரமாக இருக்கும் குற்றவாளிகளுக்குப் பாடம் புகட்ட, குழந்தைகளையும் தீண்டாமைக்கு ஆளான மக்களையும் கூடவே சேர்த்துக் கொல்லும் ஒரு தண்டனையை, நாகரிகமுள்ள எந்த அரசனாவது கொடுப்பானா? மனிதனே செய்யக் கூசும் ஒன்றைக் கடவுள் செய்தார் என்றால், கடவுளைவிட மனிதன் ஒழுக்கத்தில் உயர்ந்தவன் என்றல்லவா ஆகிவிடும்?

மூன்றாவதாக அவர் சொன்னது ஓர் எச்சரிக்கை. இந்த வகை வாதம் காந்தியைவிட அவருடைய எதிரிகளுக்குத்தான் அதிகம் பொருந்தும், இதே பூகம்பத்துக்கு காந்தியையும் அவருடைய தொண்டர்களையும் காரணம் காட்டி அவர்கள் கிளம்பினால் தனக்கு வியப்பே இருக்காது என்றார். முடிக்கும்போது, தன் நாட்டு மக்களின் மனத்திலிருந்து அச்சத்தைப் போக்கியவர் காந்தி என்று நன்றியோடு சொல்லி, அதே மனங்களில் இருக்கும் பகுத்தறிவின்மையை அவர் வாய்ச்சொல்லே வளர்ப்பது தன்னை ஆழமாகப் புண்படுத்துகிறது என்றார்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. தாகூர் நாத்திகர் இல்லை. அவர் கேட்டது "கடவுள் எங்கே இருக்கிறார்?" என்ற கேள்வி இல்லை. பிரபஞ்ச விதிகளில் கடவுளே குறுக்கிடுவதில்லை என்பதுதான் அவருடைய நம்பிக்கை. நம்முடைய பாவங்கள் எவ்வளவு பெரியவையானாலும் படைப்பின் கட்டுமானத்தையே இடித்துத் தள்ளும் வலிமை அவற்றுக்குக் கிடையாது என்ற நம்பிக்கையில் நாங்கள் பத்திரமாக இருக்கிறோம் என்று எழுதுகிறார். அறிவியல் விதியின் உறுதியை அவர் ஒரு பக்தனின் நிம்மதியோடு சொல்கிறார். ஆகவே இதை "நம்பிக்கை எதிர் பகுத்தறிவு" என்று இரண்டு ஆட்களாகப் பிரித்துவிட முடியாது. இரண்டும் தாகூருக்குள்ளும் இருந்தன, காந்திக்குள்ளும் இருந்தன. உங்கள் அப்பாவுக்குள்ளும் இருக்கும். பூஜை முடித்துவிட்டு ரத்த அழுத்த மாத்திரையை நேரம் தவறாமல் போட்டுக்கொள்பவர் பகுத்தறிவு இல்லாதவரா என்ன?

சரி, காந்தி என்ன செய்தார்? தன்னைக் கடுமையாக மறுக்கும் அந்த அறிக்கையை, தன்னுடைய 'ஹரிஜன்' வார இதழிலேயே, 1934 பிப்ரவரி 16 இதழில், முழுதாக வெளியிட்டார். பக்கத்திலேயே தன் பதிலையும் போட்டார். தாகூரின் சாந்திநிகேதன் ஆசிரமத்தில் இருப்பவர்களுக்கு எப்படியோ அப்படியே தனக்கும் தாகூர் 'குருதேவ்' என்று தொடங்குகிறார். எங்களுக்குள் கருத்து வேறுபாடு பழையது, அதனால் அன்பு குறைந்ததில்லை என்கிறார். ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. பௌதிக நிகழ்வுகளுக்கு ஆன்மிக விளைவு உண்டு, ஆன்மிகச் செயல்களுக்குப் பௌதிக விளைவும் உண்டு என்பது என் நெடுநாள் நம்பிக்கை. கடவுளின் விதிகள் எல்லாம் நமக்குத் தெரியாது, மாபெரும் விஞ்ஞானியின் அறிவும் ஒரு தூசுதான். இந்தத் தொடர்பை என்னால் நிரூபிக்க முடியாது, உள்ளுணர்வால் அறிகிறேன். கேலிக்குப் பயந்து என் நம்பிக்கையைச் சொல்லாமல் மறைத்தால் நான் பொய்யனும் கோழையும் ஆவேன். இவ்வளவும் சொல்லிவிட்டு, என் நம்பிக்கை தவறாகவே இருந்தாலும் அது எனக்கும் என்னோடு நம்புகிறவர்களுக்கும் நன்மையே செய்திருக்கும், நாங்கள் இன்னும் தீவிரமாக எங்களைத் தூய்மைப்படுத்திக்கொள்ள அது தூண்டியிருக்கும் என்று எழுதினார்.

இந்தக் கடைசி வாதத்தை நான் ஏற்கவில்லை. காந்தி எழுதியவற்றில் என்னை மிகவும் சங்கடப்படுத்தும் இடங்களில் இதுவும் ஒன்று. "தவறானாலும் நன்மைதான்" என்ற கதவைத் திறந்துவிட்டால் அதன் வழியாக யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். தாகூர் எச்சரித்ததும் இதைத்தான். தீண்டாமையை ஒழிக்கக் கிளம்பியதால்தான் பூமி அதிர்ந்தது என்று சொன்ன சனாதனிகளும் இருந்தார்கள். அவர்களும் அதே மனநிலையில்தான் இருந்தார்கள்: நிரூபிக்க முடியாது, ஆனால் உள்ளுக்குள் உறுதியாகத் தெரிகிறது, நம்பினால் தர்மம் காக்கப்படும். அந்த ஏப்ரலில் தேவ்கருக்கு அருகே ஜசீதியில் சனாதனிகள் காந்தியின் காரைத் தாக்கினார்கள். ஜூன் 25 அன்று புனேயில் அவருடைய கார் என்று நினைத்து வேறொரு காரின் மீது குண்டு வீசினார்கள். உள்ளுணர்வுக்கு எதிராக இன்னோர் உள்ளுணர்வு நின்றால் தீர்ப்புச் சொல்ல யாரும் இல்லை, கையில் இருப்பது கல்லும் குண்டும்தான்.

ஜவாஹர்லால் நேரு இன்னும் கூர்மையாகக் கேட்டார். பூகம்பப் பகுதிகளுக்குப் போய் இடிபாடுகளை நேரில் பார்த்தவர் அவர். தாகூரின் பதிலை முழுதாக ஏற்பதாகத் தன் சுயசரிதையில் எழுதினார். இது தண்டனை என்றால் எந்தப் பாவத்துக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்நிய ஆட்சிக்குப் பணிந்ததற்கு என்று ஒருவர் சொல்லலாம். பெரும் நிலவுடைமையாளரான தர்பங்கா மகாராஜா நிறைய இழந்தார், எனவே ஜமீன்தாரி முறைக்கான தீர்ப்பு என்று இன்னொருவர் சொல்லலாம். தென்னிந்தியாவின் தீண்டாமைக்குப் பீகாரின் அப்பாவிகள் ஏன் சாக வேண்டும், தீண்டாமை கோலோச்சும் மண்ணுக்கே பூகம்பம் வந்திருக்கக் கூடாதா என்று கேட்டார். இதைப் படிக்கும்போது தமிழர்களாகிய நமக்குச் சுருக்கென்று தைக்க வேண்டும். காந்தி அந்த வார்த்தையைத் திருநெல்வேலியில் சொன்னது தற்செயல் இல்லை. சாதி அவ்வளவு இறுக்கமாக இருந்த ஊர்களின் வழியாகத்தான் அவர் அந்த நாட்களில் போய்க்கொண்டிருந்தார்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். "பாவத்துக்குத் தண்டனை" என்ற பேச்சில் இரண்டு வேறு வாக்கியங்கள் ஒன்றாக ஒட்டிக்கிடக்கின்றன. "இந்தத் துயரத்தைப் பார்த்த நான் என்னைத் திருத்திக்கொள்ள வேண்டும்" என்பது ஒன்று. "அவர்கள் இறந்ததற்குக் காரணம் இந்தப் பாவம்" என்பது இன்னொன்று. முதல் வாக்கியம் நம்பிக்கைக்கு முழு உரிமையுள்ள இடம். அதை யாரும் யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை. இரண்டாவது வாக்கியம் மற்றவர்களைப் பற்றியது, நடந்த ஒன்றைப் பற்றியது, ஒரு காரணத்தைச் சுட்டுவது. அதைச் சொன்ன கணமே பகுத்தறிவு கேட்கும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லும் கடமை வந்துவிடுகிறது. என் பாவத்தைப் பற்றி நான் பேசலாம். செத்தவனின் பாவத்தைப் பற்றியோ, என் பாவத்துக்காக இன்னொருவன் செத்தான் என்றோ பேச எனக்கு உரிமை கிடையாது. காந்தியின் நெஞ்சில் இருந்தது முதல் வாக்கியம் என்று நான் நம்புகிறேன். அவர் வாயில் வந்தது இரண்டாவது.

இரண்டாவது வகை வாக்கியத்தைப் பகுத்தறிவு எப்படிக் கையாள்கிறது என்று இதே பூகம்பத்தில் பார்க்கலாம். சேதம் பீகாரில் அதிகமாக இருந்ததால் மையமும் அங்கேதான் என்று முதலில் நினைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்துக் கருவிப் பதிவுகளை மறுபடி அலசியபோது மையம் கிழக்கு நேபாளத்தில், எவரெஸ்ட்டுக்குத் தெற்கே என்று தெரிந்தது. 1934இல் தாகூரிடம் பூகம்பத்தின் முழுக் காரணமும் கையில் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புவித்தட்டுக் கொள்கை உருவானது 1960களில்தான். இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து இமயத்தின் அடியில் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வீதம் நெருக்குகிறது, அந்த அழுத்தம் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து ஒரு நாள் நழுவுகிறது என்பதெல்லாம் பிறகு வந்த அறிவு. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, நேபாளத்தில் மண்ணைத் தோண்டிப் பார்த்து, 1934இல் நழுவிய அதே பிளவு 1255ஆம் ஆண்டிலும் நழுவியிருக்கிறது என்று காட்டியது. 1255 பூகம்பத்தில் காத்மாண்டு பள்ளத்தாக்கின் மன்னர் அபய மல்லரே உயிரிழந்தார். தவறான மையத்தைச் சரிசெய்ய ஒரு வழி இருந்தது, செய்தார்கள். "தீண்டாமைக்கு வந்த தண்டனை" என்ற கூற்று தவறு என்றால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? வழியே இல்லை. அந்த வழியில்லாமையைத்தான் காந்தி பணிவு என்று நினைத்தார்.

ஆனால் காந்தி பக்கத்தில் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாவேன். எதிர்க்குரலைத் தன் இதழில் முழுதாக அச்சிட்டார் என்று சொன்னேன் அல்லவா, அது சாதாரணமில்லை. போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனை நினைத்துப் பாருங்கள். 1755 நவம்பர் 1, எல்லாப் புனிதர்களின் திருநாள். ஜனங்கள் தேவாலயங்களில் நிறைந்திருந்த காலை நேரத்தில் பூகம்பம், அப்புறம் கடல் பொங்கியது, அப்புறம் தீ. நகரமே அழிந்தது. இது பாவத்துக்கான தண்டனை என்று மலக்ரீதா என்ற இயேசு சபைப் பாதிரியார் சிறுநூல் எழுதிப் பரப்பினார். நகரத்தை மீண்டும் கட்டிக்கொண்டிருந்த அமைச்சர் பொம்பாலுக்கு அது இடைஞ்சல். அந்தப் பாதிரியாரோடு யாரும் வாதாடவில்லை. முதலில் நகரத்தைவிட்டு விரட்டினார்கள், பிறகு சிறை, 1761இல் மரண தண்டனை. பகுத்தறிவின் ஆட்சி என்று வரலாறு பாராட்டும் ஓர் ஆட்சி செய்த வேலை அது. அதை எந்த வகையிலும் உரையாடலாக எண்ண முடியாது.

அதே பொம்பால் ஆட்சியில் இன்னொன்றும் நடந்தது, இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நாடெங்கும் இருந்த பங்குத் தந்தையர்களுக்கு ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பினார்கள். அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது? பிறகு எத்தனை அதிர்வுகள் வந்தன? கடல் முதலில் உள்வாங்கியதா, ஏறியதா? எத்தனை பேர் இறந்தார்கள்? கிராமத்துப் பாதிரியார்கள் பார்த்ததையும் கேட்டதையும் எழுதி அனுப்பினார்கள். ஒரு பெரும் பூகம்பத்தை முறையாகக் கேட்டுப் பதிவுசெய்த முதல் முயற்சிகளில் ஒன்றாக நிலநடுக்க ஆய்வாளர்கள் அதை மதிக்கிறார்கள். அந்த விடைத்தாள்களை வைத்துத்தான் இன்றும் அந்தப் பூகம்பத்தின் அளவையும் சுனாமியின் போக்கையும் கணக்கிடுகிறார்கள். இறந்தவர்களுக்காக ஜெபித்த அதே ஆட்கள், அதே மாதங்களில், அதிர்வு நேரத்தையும் எழுதினார்கள். யாரும் அவர்களிடம் உங்கள் நம்பிக்கையை விடுங்கள் என்று சொல்லவில்லை. ஒரு நல்ல கேள்வியைக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

பீகாரிலும் நடந்தது அதுவே. ராஜேந்திர பிரசாத் சிறையிலிருந்து விடுதலையான கையோடு நிவாரண வேலையில் இறங்கினார். பீகார் மத்திய நிவாரணக் குழுவின் கணக்கு வழக்குகளைக் கவனிக்க வந்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா, கிறிஸ்தவர், கணக்குத் தணிக்கை படித்தவர். தொண்டர் ஒருவரின் ஒரு நாள் செலவுக்கு மூன்றணா என்று வரம்பு வைத்தார். காந்தி தன் குழுவோடு பீகாருக்கு வந்தபோது, அவர்களுடைய செலவை நிவாரண நிதியிலிருந்து தர முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். காந்தி அதை ஏற்றுக்கொண்டார். பூகம்பம் தெய்வ தண்டனையா இல்லையா என்பதில் அங்கிருந்தவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. மணல் மூடிய கிணற்றைத் தூர்வாருவதில் ஒற்றுமை இருந்தது.

இதுவரை பகுத்தறிவின் பக்கமே அதிகம் பேசிவிட்டேன். நம்பிக்கையிடம் பகுத்தறிவு கற்றுக்கொள்ள ஏதாவது உண்டா? உண்டு, அதற்கும் இதே கதை போதும்.

தீண்டாமையைக் காந்தி "பாவம்" என்றார். சமூகக் குறைபாடு என்றோ பின்தங்கிய வழக்கம் என்றோ சொல்லவில்லை. சட்டம் படித்த, கூர்மையான பகுத்தறிவாளரான அம்பேத்கர், 1933 பிப்ரவரியில் கோயில் நுழைவு மசோதாவை ஆதரிக்க மறுத்து வெளியிட்ட அறிக்கையில் சொன்ன குறை என்ன தெரியுமா? அந்த மசோதா தீண்டாமையைப் பாவம் என்று அறிவிக்கவில்லை என்பது. பெரும்பான்மையினர் ஓட்டுப் போட்டால் கோயிலைத் திறக்கலாம் என்றது மசோதா. பாவமும் ஒழுக்கக்கேடும் பெரும்பான்மையினர் செய்வதால் சகிக்கத் தக்கவை ஆகிவிடுமா என்று அவர் கேட்டார். காந்தியோடு பலவற்றில் கடுமையாக மோதியவர் அவர், தீர்வைப் பற்றி இருவரும் எதிரெதிர் துருவங்கள். ஆனாலும் எண்ணிக்கைக்கும் பேரத்துக்கும் அப்பாற்பட்ட ஒரு தீமையைச் சுட்ட அவருக்கும் அந்தச் சொல் தேவைப்பட்டது.

1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபை தீண்டாமையை ஒழிக்கும் பிரிவை ஏற்றது. இன்றைய 17ஆவது பிரிவு அது. வரைவுக் குழுவின் தலைவர் அம்பேத்கர். பிரிவு நிறைவேறியபோது சபையில் எழுந்த முழக்கம் "மகாத்மா காந்திக்கு ஜே". பக்தியின் மொழியில் பேசப்பட்ட ஒன்று எல்லோருக்கும் பொதுவான சட்டத்தின் மொழிக்கு வந்துசேர்ந்தது. நம்பிக்கையும் பகுத்தறிவும் நவீன சமுதாயத்தில் உரையாடினால் என்ன கிடைக்கும் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்தப் பிரிவைத்தான். இதில் பாவம் என்ற சொல் இல்லை, கடவுளும் இல்லை. கடவுளை நம்பாதவரையும் இது கட்டுப்படுத்துகிறது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

ஆனாலும் அந்த மாற்றத்தில் ஏதோ ஒன்று விட்டுப்போனது. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் யூர்கன் ஹேபர்மாஸ் 2001 அக்டோபரில் பிராங்பர்ட்டில் ஓர் உரை நிகழ்த்தினார். நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. மத உணர்வு தனக்குக் கைவராத ஒன்று என்று ஒப்புக்கொண்டவர் அவர். பாவம் என்பது குற்றமாகவும், தெய்வக் கட்டளையை மீறுவது மனிதச் சட்டத்தை மீறுவதாகவும் மாறியபோது எதையோ இழந்தோம் என்றார் அதில். 2004 ஜனவரியில் முனிச்சில் அவர் கர்தினால் ராட்சிங்கரோடு ஒரே மேடையில் அமர்ந்து பேசினார். அடுத்த ஆண்டு போப்பாண்டவர் ஆனவர் ராட்சிங்கர். ஹேபர்மாஸின் கருத்து எளிமையானது: சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் வைக்கும் காரணம், எந்த மதத்தவருக்கும் மதமே இல்லாதவருக்கும் புரியும் காரணமாக இருக்க வேண்டும். ஆனால் அந்த மாற்றும் வேலையை நம்பிக்கை உள்ளவர் தலையில் மட்டும் கட்டிவிட்டு, நம்பிக்கை இல்லாதவர் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. மத மொழியில் சொல்லப்பட்டது என்பதற்காகவே ஒரு கருத்தைக் கேட்காமல் தள்ளக் கூடாது.

இழந்தது என்ன என்று நம் ஊரில் தேட வேண்டியதில்லை. 17ஆவது பிரிவு அமலுக்கு வந்து 58 ஆண்டுகளுக்குப் பிறகு, 2008 மே மாதம், மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் சாதியைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதியை அரசு இடிக்க வேண்டியிருந்தது. சட்டத்தால் சுவரை இடிக்க முடிந்தது. சுவர் கட்டியவன் வெட்கப்பட வேண்டும் என்று சட்டத்தால் சொல்ல முடியவில்லை. "நான் செய்தது பாவம்" என்று ஒருவன் தன் நெஞ்சைத் தொட்டுச் சொல்லும் இடம் நம்பிக்கையின் இடம். அந்த இடத்தைக் காலிசெய்துவிட்டால் அங்கே பகுத்தறிவு தானாக வந்து உட்கார்ந்துவிடாது. நாத்திகர்களிடமும் அந்த வெட்கம் உண்டு, எத்தனையோ பேரிடம் பார்க்கிறோம். அதை ஓர் ஊர் முழுக்க எப்படி வளர்ப்பது என்பதுதான் கடினம். அதில் மதங்களுக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது, பல நேரம் அதை அவை தவறான பக்கம் பயன்படுத்தியிருக்கின்றன என்றாலும்.

2004 டிசம்பர் 26 சுனாமியையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். தமிழ்நாட்டில் சுமார் எட்டாயிரம் பேர் இறந்தார்கள், நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான் மிக அதிகம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குள் இருந்தவர்கள் தப்பினார்கள், கடற்கரைப் பக்கம் இருந்த யாத்திரிகர்கள் ஏராளமானோர் இறந்தார்கள். உள்ளே இருந்து தப்பியவர் "மாதா என்னைக் காப்பாற்றினாள்" என்று கண்ணீரோடு சொன்னால், அது நான் மேலே சொன்ன முதல் வகை வாக்கியம். அதோடு வாதாட எனக்கு மனம் வராது, வாதாடவும் கூடாது. அதே வாக்கியத்தை நீட்டி, வெளியே இறந்தவர்களின் பக்தியை எடைபோட ஒருவர் ஆரம்பித்தால் அங்கே தாகூரின் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். சுமத்ரா அருகே கடலடியில் பூமி நழுவியதிலிருந்து அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தில் எச்சரிக்க நம்மிடம் எந்த ஏற்பாடும் இல்லை. 2007இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. "யாருடைய பாவம்?" என்ற கேள்வியில் நின்றிருந்தால் அது வந்திருக்காது. அதே நேரத்தில், அன்று நாகையில் பிணங்களை எடுத்து அடக்கம் செய்தவர்களிலும் சோறு ஆக்கிப் போட்டவர்களிலும் எத்தனையோ பேர் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் சார்ந்தவர்கள். அவர்களை அங்கே அழைத்துவந்தது நம்பிக்கைதான், அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் வீடு. அப்பா "எல்லாம் நாம் செய்த பாவம்" என்றால் உடனே மறுக்காதீர்கள். "எந்தப் பாவம் அப்பா, யார் செய்தது?" என்று உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேளுங்கள். ஏரியைத் தூர்த்து மனை போட்டதை அவர் சொன்னால், ஆற்று மணலை அள்ளியதைச் சொன்னால், நீங்கள் இருவரும் ஒரே விஷயத்தை வேறு சொல்லில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். இயற்பியல் படித்த நீங்கள் மிச்சத்தை அவருக்கு விளக்கலாம். அவர் வேறொரு சாதியையோ மதத்தையோ பெண்களின் உடையையோ காட்டினால், அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள். தாகூர் கேட்ட கேள்வியை, தாகூரின் மரியாதையோடு, கேளுங்கள்: அதற்குக் குழந்தைகள் ஏன் சாக வேண்டும்? கடவுள் அப்படிச் செய்வாரா? அவருடைய கடவுளின் நல்ல பெயரைக் காப்பாற்றும் கேள்வி அது என்பது அவருக்குப் புரியும். புரிய நாளாகலாம். குன்றக்குடி அடிகளாரும் பெரியாரும் ஒருவரை ஒருவர் மாற்றிவிடவில்லை. ஒருவர் மடாதிபதியாகவே இருந்தார், மற்றவர் கடவுள் மறுப்பாளராகவே இருந்தார். அடிகளாரின் மடத்தில் கொடுத்த திருநீற்றைப் பெரியார் மறுக்காமல் ஏற்றார், சாதி ஒழிப்பில் அவர் சொன்னவற்றை அடிகளாரும் காது கொடுத்துக் கேட்டார்.

தாகூரும் காந்தியும்கூட இந்த விஷயத்தில் கடைசிவரை உடன்படவில்லை. இருவரில் யாரும் தன் அறிக்கையைத் திரும்பப் பெறவில்லை. 1936இல், சாந்திநிகேதனில் தான் நிறுவிய விசுவபாரதி என்ற கல்வி நிலையத்துக்கு நிதி திரட்ட, உடல் தளர்ந்த வயதில் தாகூர் தன் கலைக்குழுவோடு ஊர் ஊராகப் போனபோது, டெல்லியில் காந்தி அதைக் கேள்விப்பட்டு நன்கொடையாளர்களிடம் பேசி 60,000 ரூபாய் வாங்கிக் கொடுத்துப் பயணத்தை நிறுத்தச் சொன்னார். 1940 பிப்ரவரியில் காந்தி சாந்திநிகேதன் வந்து தாகூரைக் கடைசியாகச் சந்தித்தபோது, தனக்குப் பிறகு விசுவபாரதியைக் காக்கும்படி கேட்டு ஒரு கடிதத்தைத் தாகூர் அவர் கையில் கொடுத்தார்.